நாலாவது தோள்

அத்தியாயம் 17

பெரிய வெள்ளியன்று எங்கள் கடலோர ஊரான லுகாயானில் கோயில் மணி அடிக்காது. ஆண்டவர் இறந்து கிடக்கிற நாளில் உலோகம் ஒலிக்கக் கூடாது என்பார்கள். மணிக்குப் பதிலாக ஒருவர் மரத்தட்டியைத் தட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போவார். கட்டை மேல் கட்டை படுகிற அந்தச் சத்தம் மட்டும் காலையிலிருந்து ஊரைச் சுற்றி வரும். குழந்தைகளை ஓடவிட மாட்டார்கள். அன்று பட்ட காயம் ஆறாது என்பார்கள். பகல் மூன்று மணிக்குப் பிறகு யாரும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள மாட்டார்கள்.

தெல்மா அடுப்படிக்கு வந்தபோது, தேங்காய்ப்பாலில் கிழங்கும் வாழைப்பழமும் போட்டு வேகவைத்த கஞ்சி ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. அம்மா பெலிசா அதைத் தொடவில்லை. சுவரில் மாட்டியிருந்த பெர்த்தோவின் படத்துக்குக் கீழே, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெர்த்தோ தெல்மாவின் அண்ணன். பதினோரு வருடங்களுக்கு முன்னால் கடல் நடுவே இருக்கிற கலங்கரைத் திட்டில் விடுபட்டுப் போனவன்.

அன்று ஊர்க் கேபிள் நிலையத்தின் நாடகத்துக்காகப் படம் பிடிக்க ஐந்து பேர் அந்தத் திட்டுக்குப் போனார்கள். எழுதியவள் தெல்மா. நடித்தவர்கள் பெர்த்தோவும் பிலாரும். கேமரா சிசோய். படகு டெல்ஃபினுடையது. ஐவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்துக் கூடவே வளர்ந்தவர்கள். மதியம் திடீரென்று மழையும் காற்றும் பிடித்துக்கொண்டன. படகு கிளம்பிப் பாதி தூரம் வந்த பிறகுதான் பெர்த்தோ அதில் இல்லை என்று தெரிந்தது. திரும்பிப் போகப் பார்த்தார்கள், அலை விடவில்லை. மறுநாள் போனபோது திட்டில் யாருமே இல்லை.

நகர மண்டபத்தில் விசாரணை நடந்தது. கிளம்பும் முன் ஆட்களை எண்ணியது யார் என்று கேட்டார்கள். டெல்ஃபின் எழுந்து, நான்தான் எண்ணினேன், தப்பு என்னுடையது என்றான். அவனுடைய படகு உரிமத்தைப் பறித்துக்கொண்டார்கள். அதன் பிறகு அவன் கடல் பக்கம் போகவில்லை. கேபிள் நிலையத்தில் ஒலிப்பதிவு வேலையில் சேர்ந்தான். பதினோரு வருடமாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தெல்மா பேசுவதையும் அவள் மூச்சு விடுவதையும் கேட்டுக்கொண்டிருக்கிறான். இருவரும் வேலை தவிர வேறு எதுவும் பேசிக்கொள்வதில்லை.

இந்த வருடப் பெரிய வெள்ளி நாடகத்தில் தெல்மா அந்த நாளையே எழுதியிருந்தாள். தங்கை வேடம் அவளுக்கு. படகோட்டி வேடத்துக்கு வாத்தியார் ஒருவரை வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இப்போது நாடகத்தை இயக்குகிற பிலார், வேறு வழி தெரியாமல் டெல்ஃபினைப் பார்த்து, நீ நடிக்கிறாயா என்று கேட்டுவிட்டாள். பாதிக் கேலியாகத்தான் கேட்டாள். அவன் சரி என்றான்.

"தப்பு தன்னோடதுன்னு அந்தப் பய வாயாலயே சொல்லப் போறானா?" என்று பெலிசா இப்போது கேட்டாள்.

"ஆமாம்மா."

"சொல்லட்டும். ஊரே கேக்கட்டும்."

தெல்மா கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தாள்.  தொலைக்காட்சிக்கு எதிரே அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வதைப் பார்த்தபடியே வெளியே வந்தாள். நாடகம் தொடங்க இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது.

படகுத்துறை ஐஸ் பேக்டரியில்தான் அரங்கம். விடுமுறை நாள் என்பதால் இயந்திரங்களை நிறுத்திவிட்டிருந்தார்கள். ஆனாலும் தரையிலிருந்து குளிர் ஏறிக்கொண்டே இருந்தது. வெளியே தார் உருகுகிற வெயில். உள்ளே பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. மழைக் காட்சிக்கு அந்தக் குளிர் பொருத்தமாக இருக்கும் என்று பிலார் சந்தோஷப்பட்டாள்.

நடுவில் படகு கிடந்தது. டெல்ஃபினின் பழைய பங்கா, கவிழாமலிருக்க இரண்டு பக்கமும் மூங்கில் கட்டிய மீன்பிடிப் படகு. கதவுக்குள் நுழைக்க முடியாமல், அந்த மூங்கில்களைக் கழற்றிவிட்டிருந்தார்கள். கை இல்லாத ஆள் போல அது படுத்திருந்தது.

காட்சி எளியது. மஞ்சள் மழைக்கோட்டு போட்டு, முக்காட்டை முகம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு மூன்று பேர் படகில் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் இரண்டு பெண்கள், கோயில் பாடகர் குழுவைச் சேர்ந்தவர்கள். பின்னால் டெல்ஃபின். தங்கை தன் முக்காடு கண்ணை மறைக்க, ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணிக்கொண்டு போவாள். நான்கு பேர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று பேர்தான் இருப்பார்கள். அங்கே அவள் உடைந்து போக வேண்டும்.

முதல் ஒத்திகையில் தெல்மா தொட்டுக்கொண்டே போனாள். "ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு."

பிலார் கையைத் தட்டி நிறுத்தினாள். "ஏண்டி, மூணுதான்னு எழுதினவளே நீதான். உனக்கே மறந்துபோச்சா?"

பாடகர் குழுப் பெண்கள் சிரித்தார்கள். தெல்மாவும் சிரிக்க முயன்றாள். வலது உள்ளங்கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள். கை ஈரமாக இருந்தது. மழைக்கான தண்ணீரை இன்னும் யாரும் திறந்துவிடவில்லை. குழாய் சுருட்டியபடி மூலையில் கிடந்தது. படகில் இருந்தவர்களின் மூன்று கோட்டுகளும் அன்று காலைதான் கடையிலிருந்து வந்தவை, மடிப்புக்கூடக் கலையாதவை.

இரண்டாவது தடவை முக்காட்டை விலக்கிக் கண்ணைத் திறந்துகொண்டு எண்ணினாள். மூன்று பேர்தான் இருந்தார்கள். அப்படிச் செய்தால் காட்சிக்குச் சரிப்படாது என்று பிலார் சொன்னாள்.

மூன்றாவது தடவை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். முதல் தோள். இரண்டாவது. மூன்றாவது. கையை எடுத்து நீட்டியபோது அங்கே இன்னொன்று இருந்தது. நனைந்து, கனத்து, லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தெல்மா மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டாள். வாய் மூன்று என்றே சொன்னது. பிலார் திருப்தியாகத் தலையாட்டினாள்.

உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். உப்பும் பாசியும் கலந்த வாடை.

மதிய இடைவேளையில் எல்லோரும் வெயிலுக்குப் போய் நின்றார்கள். டெல்ஃபின் மட்டும் ஒலிப்பதிவுப் பெட்டிக்கு அருகில் உட்கார்ந்து, ஒத்திகையில் பதிந்ததைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். நடிக்கப் போனாலும் ஒலி வேலையை அவன்தான் பார்க்க வேண்டும். தெல்மாவின் சட்டையில் குண்டூசி அளவு மைக் ஒன்றைக் குத்தியிருந்தான்.

அவள் தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் வந்தபோது ஹெட்போனைக் கழற்றினான். அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"மூணுன்னுதான் சொன்ன. ஆனா நாலு தடவ நின்ன."

தெல்மா தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள்.

"நாலாவது இடத்துல ஒரு மூச்சு கேக்குது. அது உன் மூச்சு இல்ல. உன் மூச்சு எனக்குத் தெரியும்."

நிறுத்திவிடலாமா என்று அவள் கேட்டாள்.  வெளியே மரத்தட்டிக்காரர் கடந்து போனார். சத்தம் தேய்ந்து மறையும் வரை காத்திருந்துவிட்டு, "வேண்டாம். உக்காரணும்னா உக்காரட்டும்" என்றான்.

யார் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

மூன்று மணிக்குக் கோயில் ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்த, ஆண்டவர் பட்ட பாடுகளைச் சொல்லும் பாட்டு பாதி அடியில் நின்றது. அதுதான் ஆண்டவர் உயிர்விட்ட நேரம். ஊர் முழுவதும் இருந்த இடத்திலேயே மண்டியிட்டது. பேக்டரி வாசலில் பிலாரும் சிசோயும் மண்டியிட்டார்கள். தெல்மா மண்டியிட்ட இடத்திலிருந்து கடல் தெரிந்தது. தண்ணீர் வெகு தூரம் உள்வாங்கிப் போயிருந்தது. சேறு வெயிலில் பளபளத்தது. ஒரு பறவைகூட அதில் இறங்கவில்லை. அத்தனை தூரத்துக்கு அப்பால் கலங்கரைத் திட்டு கருப்பாக நின்றது.

நாலரை மணிக்கு நேரலை தொடங்கியது. அந்த நேரத்தில் வேறெந்த அலைவரிசையும் ஓடாது. லுகாயானில் தொலைக்காட்சி இருக்கிற எல்லா வீட்டிலும் அதுதான் ஓடியது.

முதல் இருபது நிமிடம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு குழாயைத் திறந்தார்கள். கூரைக்குக் கீழே கட்டியிருந்த சல்லடைகளிலிருந்து மழை கொட்டியது. தெல்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படகின் ஓரமாக நடந்தாள். தொட்டாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

இந்தத் தடவை நாலாவதாகக் கையை நீட்டும் துணிச்சல் அவளுக்கு வரவில்லை. மூன்றோடு நின்றாள். அழ வேண்டிய இடத்தில் அழுதாள். முக்காட்டைத் தள்ளிவிட்டுப் படகோட்டியின் பக்கம் திரும்பி, "நீ எண்ணலையா?" என்று கேட்டாள்.

டெல்ஃபின் எழுந்து நின்றான். பதினோரு வருடங்களுக்கு முன்னால் நகர மண்டபத்தில் நின்ற அதே மாதிரி, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான்.

"நான்தான் எண்ணினேன். தப்பு என்னோடது."

அந்த வரியை விசாரணையில் கேட்டது கேட்டபடி எழுதியவள் தெல்மாதான். வாத்தியார் ஒத்திகையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், அப்போதெல்லாம் அது வெறும் வசனமாக இருந்தது. அடுத்து அவள் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு அவன் கையைப் பிடிக்க வேண்டும். இசை வரும். நாடகம் முடியும்.

அவள் வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை.

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. பிலார் கேமராவுக்குப் பின்னால் கையை ஆட்டினாள், சொல்லித் தொலை என்பது போல. அரை நிமிடம் ஆயிற்று. ஒரு நிமிடம் ஆயிற்று. ஊரில் யாரும் நாற்காலியைவிட்டு எழவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

"நீ எண்ணல," என்றாள் தெல்மா. குரல் நாடகக் குரல் இல்லை. "எண்ணினது நான்."

டெல்ஃபின் வேண்டாம் என்று தலையசைத்தான்.

"என்னைக் கைகொடுத்து ஏத்திவிட்டப்ப உன்னை எண்ணினேன். அப்புறம் பிலாரு, சிசோய். நீ அதுக்குள்ள எஞ்சின் பக்கம் போயிட்ட. அங்கயும் உன்னையே மறுபடி எண்ணினேன். நாலு பேரும் ஏறியாச்சு, போலாம்னு சொன்னேன்." அவள் மூச்சு வாங்கினாள். "எல்லாரும் ஒரே மஞ்சக் கோட்டு. ஆனா அதனால இல்ல. அன்னிக்கு என் கண்ணுக்கு நீ மட்டும்தான் தெரிஞ்ச."

 சிசோயின் கேமராவில் படம் ஆடியது. பிலார் நிறுத்தச் சொல்லவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றான் டெல்ஃபின்.

"எப்ப?"

"அன்னிக்கே. பாதிக் கடல்ல நீ மறுபடி எண்ணின. உன் மூஞ்சியப் பாத்தேன்."

"அப்புறம் ஏன் உன் தப்புன்னு சொன்ன?"

அவன் நெற்றியிலிருந்து வழிந்த தண்ணீரைத் துடைத்தான். "உங்க அம்மாவுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு பிள்ள. அதையும் அவங்க வெறுத்துட்டா என்ன ஆவுறது?"

தெல்மா படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்தி உட்கார்ந்தாள். அவன் குனிந்து அவள் தோளில் கையை வைத்தான். மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு பேருமே சொல்லவில்லை.

பிலார் குழாயை மூடினாள். நேரலையையும் துண்டித்தாள். பிறகு நேராகப் படகுக்கு வந்து, நனைந்த தரையில் தெல்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பேசியபோது குரலில் வழக்கமான அதட்டல் இல்லை.

"அன்னிக்குத் திட்டுல நீ நாலுன்னு சொன்னது எனக்கும் கேட்டுச்சுடி. மழையிலயும் கேட்டுச்சு. விசாரணையில இவன் எந்திரிச்சப்ப நான் வாயத் தொறந்திருக்கணும். இவன் வேண்டாம்னு என்னைப் பாத்தான். நான் உக்காந்துட்டேன்."

தெல்மா அவள் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மூன்று பேரும் அந்தப் படகருகே வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்கள். சிசோய் பதிவை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, படகில் மூன்று பேர்தான் தெரிகிறார்கள் என்று மட்டும் சொன்னான். யாரும் அவனிடம் கேட்டிருக்கவில்லை.

வெளியே வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. இறந்த ஆண்டவரின் பவனிக்காகச் சனங்கள் கறுப்பு உடுத்தி வாசல்களில் நின்றார்கள். தெல்மா கடந்து போகும்போது அவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். வைதவர்களும் இல்லை, தேற்றியவர்களும் இல்லை. பதினோரு வருடமாக டெல்ஃபினைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்ட மீன்காரி ஒருத்தி, அவன் வருவதைப் பார்த்துத் தலைத்துணியை எடுத்து மரியாதையாக மார்போடு வைத்துக்கொண்டாள். அவன் தெல்மாவுக்குப் பத்தடி பின்னால்தான் நடந்தான். அம்மாவை அவள் தனியாகப் பார்க்க வேண்டாம் என்று பிலார்தான் அவனை அனுப்பியிருந்தாள்.

பெலிசா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே தொலைக்காட்சி படமில்லாமல் இரைந்துகொண்டிருந்தது.

தெல்மா படியருகே நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தாள்.

பெலிசா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "படகுல ஏன் நாலு பேர உக்கார வச்சீங்க?" என்று கேட்டாள்.

"மூணு பேரும்மா."

"நாலு பேரு. கடைசில உக்காந்தவன் தலையவே நிமுத்தல. நீ அழுதப்ப மட்டும் லேசாத் திரும்பினான்."

 பின்னால் டெல்ஃபின் நின்றுவிட்டான். பெலிசா பயந்தவளாகத் தெரியவில்லை. நெடுநாள் காத்திருந்த கடிதம் வந்து சேர்ந்தது போல, களைத்துப்போய்த்தான் இருந்தாள். மகளின் ஈரத் தலையில் கையை வைத்தாள். அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. நீ சொல்லியிருக்கலாமே என்று அவள் கேட்கவே இல்லை. பிறகு மகளைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள்.

"டெல்ஃபின்."

பதினோரு வருடத்தில் அந்தப் பெயரை அவள் வாய் சொல்லிக் கேட்டவர்கள் இல்லை. அவன் இரண்டடி முன்னால் வந்தான்.

"திட்டுக்கு வழி மறந்துட்டியா?"

"இல்லம்மா."

"நாளைக்கு விடிஞ்சதும் என்னைக் கூட்டிட்டுப் போ. இவளும் வரட்டும்."

தனக்கு உரிமம் இல்லை என்றும், படகைத் தொட்டே பல வருடமாயிற்று என்றும் அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். அதெல்லாம் தெரியும் என்று அவள் வெட்டினாள். அங்கே என்ன இருக்கிறது, எதற்குப் போக வேண்டும் என்று தெல்மா கேட்டாள். தெருமுனையில் பவனி திரும்பிவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடத்திய ஆண்டவரைத் தோளில் சுமந்துகொண்டு, செருப்பில்லாத கால்களோடு ஆட்கள் சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தார்கள். பெலிசா சிலுவை போட்டுக்கொண்டாள். பெட்டி கடந்து போகும் வரை தலை குனிந்திருந்தாள்.

பிறகு மெதுவான குரலில் சொன்னாள்.

"நீ இன்னிக்கு ஊருக்கு முன்னால சொல்லிட்ட. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அன்னிக்குக் காலையில அவன் கிளம்புறப்ப வாசல்ல சண்ட. நீ முன்னாலயே போயிட்ட, உனக்குத் தெரியாது. மழை வரும், போகாதடான்னு சொல்லி அனுப்பினதாத்தானே எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்?" அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். "நான் போகாதன்னு சொல்லல. திரும்பி வராதன்னு சொன்னேன். அந்தச் சொல்ல அங்க போய்த்தான் திருப்பி வாங்கணும்."

என்ன சண்டை என்று கேட்க நினைத்துத் திரும்பிய தெல்மா டெல்ஃபினின் முகத்தைப் பார்த்தாள். அவன் அதிர்ச்சி அடையவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நின்றான், அந்தச் சண்டை எதற்காக நடந்தது என்று நன்றாகத் தெரிந்தவன் போல.